ஆறாம் கட்டம்: தீப்பற்றிய நேரம்

மின்கலப் பாதுகாப்பு நிறுவனத்தில் பாதுகாப்பு என்றால் என்ன என்பதில் யாருக்கும் குழப்பம் இருந்ததில்லை. பற்றிய தீயை அணைப்பதுதான் பாதுகாப்பு. நான்கு நிமிடத்துக்குள் அணைத்தால் அந்த பேட்டரி முதல் தரம். ஏழு நிமிடத்துக்குள் என்றால் இரண்டாம் தரம். அதையும் தாண்டினால் தேறவில்லை. நுழைவுக் கூடத்தில் ஒரு பெரிய பலகை மாட்டியிருந்தார்கள். நிறுவனம் தொடங்கிய நாள் முதல் அணைத்த தீ எத்தனை என்பது அதில் இருக்கும். இந்த விவகாரம் தொடங்கிய புதன்கிழமை காலையில் அது நாலாயிரத்து நூற்றிருபத்தேழு.

சோதனை எப்போதும் புதன்கிழமை பதினொரு மணிக்கு. மணி அடித்ததும் அணைப்புப் பிரிவின் ஆறு பேர் வெள்ளி நிற உடுப்பில் வரிசையாக உள்ளே வருவார்கள். ஆணிக்காரர் என்று அழைக்கப்பட்டவர் இயந்திரத்தை முடுக்குவார். விரல் பருமனுள்ள இரும்பு ஆணி ஒன்று மேலிருந்து இறங்கி பேட்டரியைத் துளைக்கும். பேட்டரி சீறி எரியும். ஆறு பேரும் அணைப்பார்கள். அணைப்பு அதிகாரி கையிலுள்ள கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தை நிரப்புவார். பிறகு கைதட்டல். அதற்குச் சுற்றறிக்கையில் அரை நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள்.

முப்பது வருடமாக இதில் ஒரு தடங்கலும் வந்ததில்லை. வந்தது மாத்திரையால்.

மாத்திரை என்பது பட்டப்பெயர். இரண்டாம் மாடி ஆய்வகத்தில் வில்லை போடுவது அவர் வேலை. சாதாரண பேட்டரியில் இரண்டு தகடுகளுக்கு நடுவே ஒரு திரவம் இருக்கும். மின்னூட்டம் அதன் வழியாகத்தான் போய்வரும். மின்பகுளி என்று அதற்குப் பெயர். சுலபமாகப் பற்றிக்கொள்ளும் சாதி அது. திரவத்துக்குப் பதில் பீங்கான் போன்ற ஒரு கெட்டி வில்லையை வைத்துவிட்டால் பற்றுவதற்கு ஒன்றும் இருக்காது. லித்தியத்தை உலோகமாகவே வைத்து அதிக தூரம் ஓடும் பேட்டரியும் செய்யலாம். இதைச் சொல்வது எளிது. சார்ஜ் ஏறும்போது லித்தியம் சும்மா இருப்பதில்லை. வில்லையில் முடியளவு இடுக்கு இருந்தாலும் அதற்குள் ஊசி ஊசியாக முளைத்து அந்தப் பக்கத்தைத் தொட்டுவிடும். தொட்டால் கதை முடிந்தது. ஏழு வருடமாக இந்த ஆய்வகத்தின் எல்லா வில்லைகளும் அப்படித்தான் முடிந்தன.

மாத்திரை செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. பொடியை ஒரு தடவைக்கு மூன்று தடவை சலித்தார். அச்சில் போட்டு ஒரே மூச்சில் அழுத்தாமல், அழுத்தி, தளர்த்தி, டீ குடித்துவிட்டு வந்து மறுபடி அழுத்தினார். உலையில் வைக்கும்போது அதே பொடியால் மூடி வைத்தார். சுட்டு எடுத்த வில்லையின் முகத்தில் காற்றுப் பட்டதும் மங்கலாக ஒரு ஏடு படியும். அதை எல்லாரும் அப்படியே விட்டுவிடுவார்கள். இவர் அதைத் தேய்த்தெடுத்துவிட்டு உடனே உலோகத்தை ஒட்டினார். இடுக்கு இல்லை, ஊசி முளைக்கவில்லை. ஆயிரம் தடவை சார்ஜ் ஏற்றி இறக்கியும் முளைக்கவில்லை. ஆய்வகத் தலைவி இதைப் பற்றி முப்பது பக்கக் கட்டுரை எழுதினார். கடைசிப் பக்கத்தில் "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரி தான்தான் என்று மாத்திரை வீட்டில் காட்டினார்.

வீட்டில் இருந்தது அவருடைய அக்கா. அக்கா பேட்டரி ஸ்கூட்டரில் பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர். வண்டியை வெளியே நிறுத்தி சார்ஜ் போட வழியில்லை. நடைவழியில்தான் போட வேண்டும். பழைய பேட்டரி வயிறு உப்பிக் கிடந்தது. சார்ஜ் ஏறும் நாலு மணி நேரமும் அக்கா அதற்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். குளிக்கப் போனாலும் மாத்திரையை உட்காரவைத்துவிட்டுத்தான் போவார். நிறுவனத்தின் புதிய பேட்டரி முதலில் இருபது பார்சல் வண்டிகளுக்குத் தரப்படும் என்று முடிவாகியிருந்தது. பட்டியலில் அக்கா ஏழாவது. சான்றிதழ் ஒன்றுதான் பாக்கி.

முதல் புதன்கிழமை மணி அடித்தது, ஆறு பேர் வந்தார்கள், ஆணி இறங்கியது. வில்லை "டக்" என்று ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். அணைப்பு அதிகாரி கடிகாரத்தின் பொத்தான்மேல் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தார். அரை மணி ஆயிற்று. வெள்ளி உடுப்புக்குள் வேர்த்து ஒருவர் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். கைதட்ட வந்தவர்கள் எப்போது தட்டுவது என்று தெரியாமல் ஒருவர் கையை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாத்திரைக்கு உள்ளுக்குள் சந்தோஷம். "எரியல சார்," என்றார், நல்ல சேதி சொல்கிறவர் போல.

"தெரியுது. எப்ப எரியும்?"

"எரியாது சார். அதுக்குத்தான் இத்தனை வருஷம்..."

அதிகாரி படிவத்தை நீட்டினார். ஆறாம் கட்டம்: தீப்பற்றிய நேரம். ஏழு: சுடரின் உயரம். எட்டு: நிறம். ஒன்பது: அணைக்கப்பட்ட நேரம். "பத்தினாத்தான் ஆறை எழுதலாம். ஆறை எழுதினாத்தான் ஒன்பதை எழுதலாம். ஒன்பதுல இருந்து ஆறைக் கழிச்சாத்தான் தரம். நீ சொல்லுப்பா, எதுல இருந்து எதைக் கழிக்கிறது?"

அதிகாரி கெட்டவர் அல்ல. நிறுவனத்திலேயே பொய் எழுதாதவர் என்று பெயர் வாங்கியவர். "முழுமையடையவில்லை" என்று அழகான கையெழுத்தில் எழுதினார். மூன்று தடவை முழுமையடையாவிட்டால் அந்த பேட்டரி நிரந்தரமாகத் தள்ளுபடி என்பதையும் பிரியமாகவே எடுத்துச் சொன்னார்.

வெள்ளிக்கிழமை மாத்திரைக்கு ஒரு குறிப்பாணை வந்தது. போதுமான வாய்ப்பு அளிக்கப்பட்டும் தங்கள் வில்லை தீப்பற்றத் தவறியது ஏன் என்பதற்கு மூன்று நாளுக்குள் எழுத்து மூலம் விளக்கம் தரவும் என்றிருந்தது. மாத்திரை இரண்டு பக்கம் எழுதினார். ஆயிரத்து நூறு டிகிரி உலையில் ஒரு நாள் முழுக்கக் கிடந்து வந்த வில்லை ஓர் ஆணிக்கு அசைந்து கொடுக்காதது அதன் பிழையல்ல என்று பணிவாகத் தெரிவித்துக்கொண்டார். திங்கட்கிழமை அதே தாள் ஓரக்குறிப்புடன் திரும்பி வந்தது: "விளக்கம் உள்ளது. வருத்தம் இல்லை. ஏற்க இயலாது."

கூடவே, எரிதலின் அடிப்படைகள் பற்றிய இரண்டு நாள் பயிற்சிக்கும் அவரை அனுப்பினார்கள். அங்கே காகிதம், துணி, மரத்தூள் மூன்றையும் எரித்துக் காட்டினார்கள். முடிவில் ஒரு தேர்வு. மாத்திரை நூற்றுக்குத் தொண்ணூற்றாறு வாங்கினார். இவ்வளவு தெரிந்தவரின் பேட்டரி எரியாதது தெரியாமல் நடந்திருக்க முடியாது என்று அது அவருடைய கோப்பில் எதிர்க்குறிப்பாக ஏறியது.

இரண்டாவது புதன்கிழமைக்கு மேலிடத்திலிருந்து ஒரு விருந்தினர் வந்திருந்தார். ஆணிக்காரர் மூன்று ஆணி இறக்கினார். மூன்றாவது வளைந்தது. வில்லையைச் சுடுதட்டில் வைத்தார்கள். பிறகு இரண்டு இரும்புப் பலகைகளுக்கு நடுவே வைத்து நசுக்கினார்கள். பிஸ்கட் போல நொறுங்கியது, எரியவில்லை. விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் பார்த்ததை இயக்குநர் பார்த்தார். இயக்குநர் கண்ணைக் காட்டியதும் ஆறு பேரும் குழாயைத் திறந்து, எரியாத பேட்டரியை நுரையால் இரண்டே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். விருந்தினர் எழுந்து நின்று கைதட்டினார். இவ்வளவு வேகத்தைத் தான் எந்த ஊரிலும் கண்டதில்லை என்றார்.

ஆனால் அதிகாரி ஆறாம் கட்டத்தை நிரப்ப மறுத்துவிட்டார். அணைத்தது உண்மை, ஒன்பதை எழுதத் தயார். பற்றியது உண்மையில்லை, ஆறை எழுத முடியாது என்றார். இயக்குநர் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இரண்டாவது தடவையும் முழுமையடையவில்லை.

மறுநாள் இயக்குநர் அறையில் கூட்டம். மாத்திரை, ஆய்வகத் தலைவி, அணைப்பு அதிகாரி மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர் நின்றுகொண்டு பேசினார். நான்கு பேர் இருந்தால் நின்று பேசுவது அவர் பழக்கம். தன்னையும் சேர்த்து எண்ணிக்கொண்டார்.

"எரியாத பேட்டரி வேணும்னு யார் கேட்டாங்க? பாதுகாப்பான பேட்டரிதான் கேட்டாங்க. நம்மகிட்ட அணைக்கிற ஆள் இருக்கு, வண்டி இருக்கு, குழாய் இருக்கு, மணி இருக்கு. எல்லாப் பேட்டரியும் இப்படி எரியாம இருந்துட்டா இவங்க குடும்பத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? பாதுகாப்புன்னா நாலு பேருக்குத் தெரியணும். ஒண்ணுமே நடக்கலைன்னா பாதுகாப்பா இருக்கோம்னு மக்களுக்கு எப்படித் தெரியும்?"

அதிகாரி தலையாட்டினார். இயக்குநர் குரலைத் தணித்துக்கொண்டு வழியும் சொன்னார். வில்லைக்கும் தகட்டுக்கும் நடுவே பழைய திரவத்தில் ஒரு சொட்டு விட்டால் போதும். ஆணி இறங்கினால் பற்றிக்கொள்ளும். கொஞ்சமாகப் பற்றுவதால் ஒரே நிமிடத்தில் அணைத்துவிடலாம். இதுவரை எந்தப் பேட்டரியும் வாங்காத தரம் கிடைக்கும்.

"அப்புறம் அதைத் திட பேட்டரின்னு எப்படி சார் சொல்றது?" என்று கேட்டார் ஆய்வகத் தலைவி.

"ஒரு சொட்டுதானேம்மா. மனுஷன் தண்ணி குடிச்சா திரவம் ஆயிடறானா?"

தலைவி மேசையைப் பார்த்தார். அவருடைய பதவி உயர்வுக் கோப்பு அதே மேசையில், இயக்குநரின் முழங்கைக்குக் கீழே இருந்தது. சொட்டு விடும் பொறுப்பு, வழக்கம்போலத் தொழில்நுட்ப உதவிக்கு வந்தது.

அன்று மாலை மாத்திரை வீட்டுக்குப் போனபோது அக்கா நாற்காலியில் இருந்தார். எதிரே வண்டி. மாத்திரை நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒரு சொட்டுதான், சோதனைக்கு மட்டும்தான் என்று இயக்குநர் சொன்னதையும் சொன்னார்.

"சோதனைக்கு மட்டும்னா, எனக்கு வர்றதுல அந்தச் சொட்டு இருக்காதா?"

"இருக்கும்கா. சோதிச்ச மாதிரியேதான் செய்யணும்னு ரூல்."

அக்கா பேட்டரியைப் பார்த்தபடியே சொன்னார்: "அப்ப நாற்காலி இங்கயே இருக்கட்டும்னு சொல்லு. ஒரு சொட்டுக்கு எவ்வளவு நேரம்டா உட்காரணும்? கால் மணி? அரை மணி? அதையும் உங்க ஆபீஸ்ல கேட்டுட்டு வா. நான் அதுக்கேத்த மாதிரி குளிச்சுக்கறேன்."

மாத்திரை முகம் கழுவப் போனார்.

மூன்றாவது புதன்கிழமை காலையில் தலைவி சொட்டுக் குழாயை அவரிடம் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். மாத்திரை சொட்டை எடுத்தார். கழிவுப் போத்தலில் விட்டார். பேட்டரிகளை அப்படியே மூடினார். "விட்டாச்சு மேடம்," என்றார். எங்கே என்று தலைவி கேட்கவில்லை; திரும்பிப் பார்க்கவும் இல்லை. ஆனால் வெளியே போகும்போது அவர் நடை கொஞ்சம் இலகுவாக இருந்தது.

கீழே மணி அடித்தது. இது கடைசி வாய்ப்பு என்பதால் கூடம் நிறைந்திருந்தது. முதல் ஆணி இறங்கியது. ஒன்றுமில்லை. இயக்குநர் மாத்திரையைப் பார்த்தார். மாத்திரை ஆணியைப் பார்த்தார். இன்னொரு பேட்டரி வைத்தார்கள்; ஒன்றுமில்லை. ஆணிக்காரருக்கு ரோஷம் வந்துவிட்டது. பத்து, பதினைந்து என்று இறக்கிக்கொண்டே போனார். மூன்று மணி நேரம் இயந்திரம் ஓயவில்லை. நடுவில் மின்சாரம் போயிற்று. போனால் இயந்திரம் நிற்கக் கூடாது என்று அதன் அடியில் ஒரு பேட்டரி வைத்திருந்தார்கள். திரவம் உள்ள பழைய ரகம். எட்டு வருடத்துக்கு முன் இதே அறையில் முதல் தரம் வாங்கியது.

இருபத்திரண்டாவது ஆணிக்கு அது பற்றிக்கொண்டது.

ஆறு பேரும் எரியாத பேட்டரிக்குக் குழாயை நீட்டியபடி முதுகைக் காட்டி நின்றிருந்தார்கள். பின்னால் புகை கிளம்பியது. ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, அது இன்றைய பட்டியலில் இல்லையே என்றார். பட்டியலில் இல்லாத தீயை அணைக்கத் தனிப் படிவம் உண்டு. அது மாடியில் இருந்தது. அதை எடுக்க ஒருவர் ஓடினார். மற்ற ஐவரும் உத்தரவுக்காக அதிகாரியைப் பார்த்தார்கள். அதிகாரி கடிகாரத்தை அழுத்தியிருந்தார். முப்பது வருடப் பழக்கம். சுடரைக் கண்டதும் கட்டைவிரல் தானாக இறங்கிவிட்டது. அழுத்திவிட்டு, நிறத்தைக் குறித்துக்கொண்டிருந்தார்.

மூலையில் அலங்காரத்துக்கு வைத்திருந்த மணல் தொட்டியை மாத்திரை இழுத்துக்கொண்டு வந்து கவிழ்த்தார். போதவில்லை. இன்னொன்றையும் கவிழ்த்தார். ஆணிக்காரர் பேட்டரியிலிருந்து இயந்திரத்துக்குப் போன பிளக்கைப் பிடுங்கினார். புகை அடங்கியது. மணலுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் முனகிக்கொண்டிருந்துவிட்டு பேட்டரி ஓய்ந்தது.

அதிகாரி கடிகாரத்தை நிறுத்தினார். படிவத்தின் பின்பக்க விதியை ஒரு தடவை படித்தார். சோதனையின்போது சோதனை அறையில் தோன்றும் தீ என்றுதான் அதில் இருந்தது. எதில் தோன்ற வேண்டும் என்று இல்லை. அவர் முகம் முதல் தடவையாக மலர்ந்தது.

"மூணு நிமிஷம் பன்னெண்டு செகண்ட்," என்றார். "முதல் தரம்."

ஆறு நிரம்பியது. ஏழு, எட்டு, ஒன்பது நிரம்பின. ஒரு கட்டத்திலும் பொய் இல்லை. பலகையில் நாலாயிரத்து நூற்று முப்பத்தொன்று ஏறியது. நடுவில் மற்ற பேட்டரிகள் மூன்று ஒழுங்காக எரிந்திருந்தன. மாத்திரையின் கைமுடி கருகியிருந்தது. உடுப்பில்லாமல் தீயருகே போனதற்கு அவருக்கு ஒரு குறிப்பாணையும், அணைத்ததற்குப் பிரிவின் ஆறு பேருக்குப் பாராட்டும் ஒரே உறையில் வந்தன. அவர் கவலைப்படவில்லை. வில்லை தேறிவிட்டது. சொட்டில்லாமல் தேறிவிட்டது.

சான்றிதழ் இரண்டு வாரத்தில் வந்தது. இணைப்பில் ஒரு நிபந்தனை இருந்தது. சோதனையில் இருந்த அமைப்பை எவ்விதத்திலும் மாற்றக் கூடாது. ஆகவே ஒவ்வொரு புதிய பேட்டரியின் பக்கத்திலும், சோதனையில் வெற்றிகரமாக எரிந்த பழைய ரகத்தில் ஒன்றை நான்கு போல்ட்டு போட்டுப் பொருத்த வேண்டும். அது எதனுடனும் இணைக்கப்படாது. ஆனால் எப்போதும் முழுக்க சார்ஜ் ஏறியிருக்க வேண்டும். சோதனையில் அவரும் இருந்ததால், ஒவ்வொரு வண்டியின் பின்னிருக்கையிலும் மாத்திரையை உட்காரவைக்க வேண்டுமா என்று துணைக்குழு ஒரு நாள் முழுக்க விவாதித்தது. ஆள் ஒருவர், வண்டி இருபது என்று தெரிந்ததும் அந்த யோசனை கைவிடப்பட்டது.

வழங்கும் விழா நிறுவன வாசலில் நடந்தது. இருபது வண்டிகள், இருபது ஓட்டுநர்கள். இயக்குநர் ஒலிபெருக்கியில் பேசினார்.

"தீ இருக்கிறவரைக்கும் இந்த நிறுவனம் இருக்கும். இந்த நிறுவனம் இருக்கிறவரைக்கும் தீ இருக்கும். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்குறுதி."

கைதட்டல் சரியாக அரை நிமிடம் நீடித்தது.

அக்கா தன் வண்டியின் இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே புதிய பேட்டரி. பக்கத்தில், ஒட்டிப் பிறந்தது போல, பழசு. தம்பியைக் கூப்பிட்டார். அந்தப் பழசு எதுக்கு என்று கேட்டார். மாத்திரை தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"இதுக்கும் சார்ஜ் போடணுமா?"

"தினமும்கா."

அக்கா வண்டியின் கருவிப் பையிலிருந்து ஸ்பேனரை எடுத்தார். முதல் போல்ட்டு கழன்றதும் அணைப்பு அதிகாரி விரைந்து வந்தார். அதைக் கழற்றினால் சான்றிதழ் செல்லாது என்று எடுத்துச் சொன்னார்.

"சான்றிதழ் எங்க இருக்குங்க?"

அதிகாரி குனிந்து காட்டினார். முதல் தரம் என்ற தங்க நிற ஒட்டுவில்லை பழைய பேட்டரியின்மேல் இருந்தது. எரிந்த ரகம் அதுதான். ஆகவே தேறியதும் அதுதான். அவர் பார்வையில் இதில் தவறு ஒன்றுமில்லை.

"நல்லதாப் போச்சு," என்று அக்கா மற்ற மூன்று போல்ட்டுகளையும் கழற்றினார். பழைய பேட்டரியை இரண்டு கையாலும் தூக்கி அதிகாரியிடம் நீட்டினார். "உங்க சான்றிதழை ஒண்ணும் பண்ணல. பொறுப்பா நீங்களே வச்சுக்குங்க. பார்சல் குடுத்தா கையெழுத்து வாங்கணும், இங்க போடுங்க."

நீட்டியதை வாங்கிக் கையெழுத்துப் போடுவது அதிகாரிக்கு இன்னொரு பழக்கம். போட்டார். அக்கா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். அதற்குள் எட்டாவது ஓட்டுநர் ஸ்பேனர் யாரிடம் என்று விசாரித்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது இருக்கையைத் திறந்துவிட்டிருந்தார்.

அணைப்பு அதிகாரி அசையாமல் நின்றார். முப்பது வருடத்தில் நாலாயிரத்துக்கு மேல் பேட்டரிகளை அவர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பார்த்திருக்கிறார். கையில் பிடித்ததில்லை. இது கனமாக இருந்தது. வெயிலில் இருந்ததால் லேசாகச் சூடாகவும் இருந்தது. மாத்திரை பக்கத்தில் நின்றார். அதிகாரி உதட்டை அதிகம் அசைக்காமல் கேட்டார்.

"என்னப்பா, இது பத்திக்குமா?"

"சொல்ல முடியாது சார்," என்றார் மாத்திரை. "ஆனா பத்தினா முதல் தரம்."